மகள்ட கட்டுரையில மிஸ் 'வில்'ல 'வுட்' ஆக்கியிரிக்கா, ஒரு இடத்துல மட்டும் விட்டிரிக்கா, ஏன்?

வாவிக்கரை (மட்டக்களப்பு):

வணக்கம் எல்லாருக்கும். மகள் இந்த முறை ஓஎல் சோதினை எடுக்கிறா. வீட்டுல வயசு போன ஆக்கள்ட்ட ஒரு பழைய சம்பவத்தக் கேட்டு இங்கிலிஷ்ல கட்டுரையா எழுதிட்டு வரச் சொன்னாங்களாம், அவ அம்மம்மாட்ட 78 சூறாவளியப் பத்திக் கேட்டு ரெண்டு பக்கம் எழுதிக் கொண்டு போனா. திருத்தி வந்த கொப்பியப் பாத்தா ஒரு விசயம் திரும்பத் திரும்ப வருது. மிஸ் நல்லாப் படிப்பிக்கிறவ, பிழையாத் திருத்தமாட்டா, ஆனா ஏன் எண்டு மகள் கேக்கக்குள்ள எனக்குச் சொல்லத் தெரியல்ல.

முதலாவது. சூறாவளி அடிச்சது 1978 நவம்பர் 23, வியாழக்கிழம. அண்டைக்கு ராவு காத்து எழும்பக்குள்ள அம்மாட அப்பா "விடியிறதுக்குள்ள காத்து நிண்டிரும்" எண்டாராம். மகள் எழுதினது: ஹீ செட் த விண்ட் வில் ஸ்டொப் பிஃபோர் மோர்னிங். மிஸ் வில்ல வெட்டி வுட் போட்டிரிக்கா.

அடுத்த வரி: வென் த விண்ட் வுட் ஸ்டொப், வி வுட் கோ டு த ஸ்கூல். இதுல மகள் தானாவே வுட் போட்டுத்தான் எழுதினா. மிஸ் முதல் வுட்ட வெட்டி வென் த விண்ட் ஸ்டொப்ட் எண்டு மாத்தியிரிக்கா. மேல வுட் போடச் சொல்லிட்டு கீழ வுட்ட வெட்டினா பிள்ளை என்னத்தப் பிடிக்கிற?

மூண்டாவது: மை கிராண்ட்மதர் செட் ஷீ வில் நெவர் ஃபொகெட் தட் நைட். இதுவும் செட், இதுவும் வில். இதத் தொடவே இல்ல, சரி போட்டிரிக்கா.

கடைசி. அம்மாட அக்காவுக்கு அடுத்த நாள் வெள்ளிக்கிழம கல்யாணம். பந்தல் போட்டு, பலகாரம் சுட்டு எல்லாம் ரெடி. கல்யாணம் நடக்கல்ல, பந்தலும் இல்ல, வீட்டுக் கூரையும் இல்ல. மகள் எழுதினது ஹெர் சிஸ்டர் வுட் கெட் மெரிட் ஒன் ஃபிரைடே. மிஸ் அத வோஸ் டு ஹேவ் கொட் மெரிட் எண்டு மாத்தியிரிக்கா. இப்பிடி ஒரு வசனத்த நான் வாழ்க்கையில கண்டதே இல்ல.

ஆராவது ஒள்ளம் விளங்கப்படுத்துங்க. மகளுக்கும் வாசிச்சுக் காட்டுவன்.

கல்முனைச்சந்தி:

தங்கச்சி, மிஸ் திருத்தின நாலும் சரி. நான் இருவத்திரண்டு வருசமா இங்கிலிஷ் படிப்பிக்கிறன், இந்த நாலையும் ஒரே கொப்பியில பிரிச்சுத் திருத்துறவங்க கொஞ்சப் பேர்தான், அந்த மிஸ்ஸுக்கு என்ட சலாம்.

மூணாவத முதல்ல சொல்லிருறன், அதுதான் லேசு. உங்கட உம்மா சொன்னது அண்டைக்கு இல்ல, இப்ப போன கிழமை பேத்திக்கிட்ட சொன்னது. அவங்க இன்னும் மறக்கல்ல, இனியும் மறக்கமாட்டாங்க. சொன்ன விசயம் இன்னும் உசிரோட இரிக்கிற எண்டா வில்லாவே விடலாம், வுட் போட்டாலும் பிழையில்ல. ஆனா காத்து விடியக்குள்ள நிக்கும் எண்டது முடிஞ்சு போன கதை. அந்த விடியலே போய் நாப்பது வருசத்துக்கு மேல. அங்க வில் நிக்காது.

மத்தத அசர் தொழுதுட்டு வந்து எழுதுறன்.

சம்மாந்துறை_வயல்:

சேர் நான் ஒரு விசயம் கேக்கணும், கோவிக்காதீங்க. அந்தப் புள்ள "ஹீ செட் த விண்ட் வில் ஸ்டொப்" எண்டு எழுதினா வாசிக்கிற ஆளுக்கு விளங்காதா? விளங்கும்தானே. நாம தமிழ்ல "காத்து நிண்டிரும் எண்டு சொன்னார்" எண்டுதானே சொல்றம், "நிண்டிரும்" எதிர்காலம், "சொன்னார்" இறந்தகாலம், ரெண்டும் ஒரே வசனத்துல பக்கத்துல பக்கத்துல இரிக்கி, ஒருத்தருக்கும் குழப்பம் இல்ல. இவங்கட பாசையில மட்டும் ஏன் நிண்டிரும் எண்டதையும் பின்னுக்கு இழுக்கோணும்? நான் ஓஎல்ல இங்கிலிஷ் பெயில், இந்த மாதிரி ஏன் எண்டே சொல்லாத சட்டத்தாலதான் அந்தப் பாடமே வெறுத்துப் போச்சு, இப்ப என்ட மகனும் அதையேதான் சொல்றான்.

வந்தாறுமூலைக்காரி:

வயல் அண்ணன் கேட்ட கேள்விதான் இந்த விசயத்துட அடி. நான் கம்பசுல மொழியியல் படிச்சனான், அதால கொஞ்சம் நீட்டா எழுதுறன், பொறுத்துக்கொள்ளுங்க.

தமிழ்ல "எண்டு" இரிக்கிதே, அது ஒரு பெட்டி மாதிரி. அதுக்கு முன்னால வாற எல்லாம் சொன்ன ஆள்ட வாயில இருந்து வந்தபடியே இரிக்கும். "நான் நாளைக்கு வருவன் எண்டு அவன் சொன்னான்" எண்டு பாருங்க. அந்த "நான்" நான் இல்ல, அவன். அந்த "நாளைக்கு" என்ட நாளைக்கு இல்ல, அவன் சொன்ன அண்டைக்கு அடுத்த நாள். "வருவன்" எண்டதும் அவன் நிண்ட இடத்துல இருந்து பாத்தாத்தான் எதிர்காலம். நாம ஒரு சொல்லையும் தொடல்ல, அவன்ட பேச்ச அப்பிடியே தூக்கிக் கொண்டு வந்து வச்சிட்டம்.

இங்கிலிஷ்ல ரெண்டு வழி. மேற்கோள் குறி போட்டு அவன்ட பேச்ச அப்பிடியே வைக்கலாம், அது நம்மட எண்டு மாதிரி. மற்றது மேற்கோள் இல்லாம சொல்றது. அப்ப சொல்ற ஆள் எல்லாத்தையும் தன்ட இடத்துல இருந்து திரும்ப அளக்கோணும். நான் எண்டது ஹீ ஆகுது, நாளைக்கு எண்டது த நெக்ஸ்ட் டே ஆகுது, வில் வுட் ஆகுது. மூண்டும் ஒரே காரணத்துக்காகத்தான் மாறுது. நம்மட பிள்ளைகள் ஐ எண்டத ஹீ ஆக்க மறக்கிறதே இல்ல கவனிச்சிருக்கீங்களா, ஏனெண்டா அத மாத்தாட்டி ஆள் மாறிப் போகும் எண்டு தெரியும். வில்ல மட்டும் மறந்திருவாங்க. ஐ எண்டத ஏன் மாத்துறம் எண்டு விளங்கினா வில்ல ஏன் மாத்துறம் எண்டதும் விளங்கும், ரெண்டையும் வேற வேற பாடமாப் படிப்பிக்கிறதுதான் வினை.

இதுக்கு 1947ல ஹான்ஸ் ரைஷன்பாக் எண்ட தத்துவவாதி ஒரு படம் கீறிக் காட்டினார். மூண்டு புள்ளி. ஒண்டு, நாம பேசுற நேரம். மற்றது, சம்பவம் நடக்கிற நேரம். மூண்டாவது, நாம எங்க நிண்டு பாக்கிறம் எண்ட நேரம். கொப்பியில ஒரு கோடு கீறிப் பாருங்க. இடப்பக்கம் 78 நவம்பர் 23 ராவு, அதுல தாத்தா நிக்கிறார். அவருக்கு வலப்பக்கம் விடியல். அதுக்கும் வலப்பக்கம் தூரத்துல இண்டைக்கு, பேத்தி கொப்பியோட இரிக்கா. விடியல் தாத்தாவுக்கு முன்னால, பேத்திக்குப் பின்னால. வில் எண்டா பேத்திக்கும் முன்னால எண்டு வரும். வுட் எண்டா தாத்தாவுக்கு முன்னால, அவ்வளவுதான்.

இதுல முக்கியமான விசயம், வுட் எண்ட சொல் பேத்தி எங்க நிக்கிறா எண்டதப் பத்தி ஒண்டுமே சொல்லாது. ஹீ செட் ஹீ வுட் கம் எண்டா அவன் வந்தும் இருக்கலாம், வராமலும் விட்டிருக்கலாம், இனிமேத்தான் வரவும் கூடும். வாயத் திறந்து சொல்லாது.

சம்மாந்துறை_வயல்:

கோடு கீறிப் பாத்தன். மகனையும் கூப்பிட்டுக் காட்டினன். ஐ - ஹீ கதை பிடிச்சிரிக்கி. அத ஒருத்தரும் எனக்கு இப்பிடிச் சொல்லல்ல.

ஆனா மிஸ்ஸுட ரெண்டாவது திருத்தம் எனக்கு இன்னும் இடிக்கிது. காத்து நிக்கிறதும் தாத்தாவுக்கு முன்னாலதானே. அப்ப வென் த விண்ட் வுட் ஸ்டொப் எண்டு வரத்தானே வேணும்?

கல்முனைச்சந்தி:

நல்ல கேள்வி, அதுக்குத்தான் வந்தன். தாத்தா அண்டைக்கு இங்கிலிஷ்ல பேசியிருந்தா என்ன சொல்லியிருப்பார்? வென் த விண்ட் ஸ்டொப்ஸ், வி வில் கோ டு த ஸ்கூல். வென் எண்டதுக்குப் பக்கத்துல வில் ஆரம்பத்துலயே இல்ல. இல்லாத வில்ல எப்பிடி வுட் ஆக்குற? ஸ்டொப்ஸ் ஸ்டொப்ட் ஆகுது, வில் கோ வுட் கோ ஆகுது. வென், அன்டில், பிஃபோர், ஆஃப்டர், அஸ் சூன் அஸ் எல்லாத்துக்கும் இதுதான்.

இத நான் கிளாசுல எப்பிடிச் சொல்றது எண்டா, வசனத்தத் தமிழ்ல சொல்லிப் பாருங்க புள்ளைகள் எண்டு சொல்லுவன். "காத்து நிண்டதும் ஸ்கூலுக்குப் போவம்." நிண்டதும். நாமளும் அங்க எதிர்காலம் வைக்கிறல்ல. "நிப்பதும் போவம்" எண்டு ஆராவது சொல்றாங்களா? நிண்டதும், நிண்டா, நிக்கிற வரைக்கும், இதுல எங்கயும் "நிப்பம், வருவம்" மாதிரி வால் இல்ல. போவம் எண்டதுலதான் எதிர்காலம். இங்கிலிஷும் தமிழும் இந்த ஒரு இடத்துல ஒரே மாதிரி நடக்கிற, மகள் தன்ட காது சொன்னதக் கேட்டிருந்தா சரியா எழுதியிருப்பா. பக்கத்துல வி வுட் கோ எண்டு வாறதப் பாத்து வென்னுக்கும் வுட் போட்டிட்டா. அது கெட்டித்தனமான புள்ளைகள் விடுற பிழை.

ஒரு விதிவிலக்கு இரிக்கி. வென் எண்டது "எப்ப" எண்ட கேள்வியா வந்தா வுட் வரும். நோபடி நியூ வென் த விண்ட் வுட் ஸ்டொப். காத்து எப்ப நிக்கும் எண்டு ஒருத்தருக்கும் தெரியா. "நிக்கும்", பாருங்க, தமிழ்லயும் எதிர்காலம் வந்திட்டுது.

வாவிக்கரை:

சேர், இத மகளுக்கு வாசிச்சன். "நிண்டதும்", "எப்ப நிக்கும்" எண்டு ரெண்டு மூண்டு தரம் தானாச் சொல்லிப் பாத்திட்டு கொப்பிய எடுத்துக் கொண்டு போயிட்டா. கன நன்றி. நாலாவதுதான் இப்ப எங்கட வீட்டுப் பிரச்சினை. அம்மாவும் வந்து பக்கத்துல இரிக்கா, தன்ட அக்காட கல்யாணத்தப் பத்தி ஆர் என்ன எழுதுறாங்க எண்டு கேட்டுக்கொண்டு.

பொத்துவில்_அலை:

நான் அறுகம்பேயில கெஸ்ட் ஹவுசுல வேலை, சீசனுக்கு நாள் முழுக்க இங்கிலிஷ்தான். பள்ளிக்கூடத்துல படிச்சது குறைவு, காதால படிச்சதுதான் எல்லாம். வெள்ளக்காரர் நடக்காமப் போன பிளானுக்கு வுட் சொல்றதக் கேட்டதே இல்ல. வோஸ் கோயிங் டுதான். வி வேர் கோயிங் டு லீவ் டுடே எண்டு ஒரு ஆள் காலையில வந்து சொன்னா எனக்கு உடனே தெரியும், இன்னும் ரெண்டு நாள் நிக்கப் போறாங்க, அலை நல்லா இரிக்கி. "பட்" எண்ட சொல் பின்னால வராமலே அதுக்குள்ள இரிக்கும். அதால கல்யாணத்துக்கு ஷீ வோஸ் கோயிங் டு கெட் மெரிட் ஒன் ஃபிரைடே எண்டா போதும், மிஸ் எழுதினது கொஞ்சம் பெரிய இடத்து இங்கிலிஷ் மாதிரி இரிக்கி எனக்கு.

இன்னொண்டும் இரிக்கி. ஐ வோஸ் கோயிங் டு ஆஸ்க் யூ எண்டு தொடங்கினா அது நடக்காமப் போன பிளான் இல்ல, இப்பதான் கேக்கிறாங்க, மரியாதைக்காக ஒரு அடி பின்னுக்கு வச்சுக் கேக்கிறாங்க. நாமளும் "உங்கள்ட்ட ஒண்டு கேக்கணும் எண்டு இருந்தன்" எண்டு தொடங்குறம்தானே, அதேதான்.

கச்சேரியடி:

பொத்துவில் தம்பி சொன்னது சரி, ஆனா மிஸ் எழுதினத பெரிய இடத்து இங்கிலிஷ் எண்டு தள்ள ஏலாது. நான் நீதிமன்றத்துல மொழிபெயர்ப்பாளரா இருந்து ஓய்வு பெத்தவ. இந்தச் சின்னச் சொல்லுகளுக்குப் பயந்து வேலை செஞ்ச ஆள்.

சாட்சி ஒருத்தர் "அவர் காசு தாறதா இருந்தது" எண்டு சொல்லுவார். அத நான் இங்கிலிஷ்ல சொல்லோணும், யோசிக்க நேரம் இல்ல. ஹீ செட் ஹீ வுட் பே எண்டா அவர் வாயால சொன்னார், வாக்குக் குடுத்தார் எண்டாகும். ஹீ வோஸ் கோயிங் டு பே எண்டா அவர்ட மனசுல எண்ணம் இருந்தது எண்டாகும். ஹீ வோஸ் டு பே எண்டா ரெண்டு பேருக்கும் இடையில பேசி முடிவாகின ஏற்பாடு, அவருக்கு ஒரு கடமை இருந்தது எண்டாகும். ஹீ வோஸ் அபவுட் டு பே எண்டா கைய பொக்கற்றுக்குள்ள விட்டிட்டார். தமிழ்ல "தாறதா இருந்தது" எண்டதுக்குள்ள இதுல மூண்டு ஒளிஞ்சிரிக்கு. நான் புதுசுல ஒருமுறை யோசிக்காம வோஸ் டு பே எண்டு சொல்லிட்டன், மற்றப் பக்கத்துச் சட்டத்தரணி உடனே எழும்பி "ஏற்பாடு இருந்தது எண்டு சாட்சியே ஒத்துக்கொள்றார்" எண்டார். சாட்சி அப்பிடிச் சொல்லல்ல. நான்தான் சொன்னன். திருப்பி அவர்ட்ட கேட்டுத் தெளிவாக்கி, என்ட பிழை எண்டு சொல்லித் திருத்தினன். அண்டைக்கு ராவு நித்திரை வரல்ல. அதுக்குப் பொறகு இருக்கிற வரைக்கும் "தாறன் எண்டு சொன்னாரா, தாறதுக்கு நினைச்சாரா, பேசி முடிவாகினதா" எண்டு அனுமதி கேட்டுத் திருப்பிக் கேப்பன்.

இப்ப கல்யாணத்துக்கு வாங்க. கல்யாணம் எண்டது ஒராள்ட எண்ணம் இல்ல. நாள் பாத்து, ரெண்டு வீடும் ஒத்துக்கொண்டு, ஊருக்குச் சொல்லி வச்ச ஏற்பாடு. அதுக்கு வோஸ் டுதான் பொருத்தம். ஷீ வோஸ் டு கெட் மெரிட் எண்டு மட்டும் எழுதினா நடந்ததா இல்லையா எண்டு சொல்லாது. அதுக்குப் பின்னால ஹேவ் போட்டு வோஸ் டு ஹேவ் கொட் மெரிட் எண்டு எழுதினா நடக்கல்ல எண்டு அந்த ஹேவே சொல்லிரும். "நடக்க இருந்த கல்யாணம்" எண்டு நாம சொல்லக்குள்ள குரல் ஒருமாதிரிக் கீழ இறங்குமே, அந்த இறக்கம்தான் அந்த ஹேவ். வோஸ் கோயிங் டுவும் பிழையில்ல, பேச்சுக்கு அதுதான் நல்லது. ஆனா அந்தக் கட்டுரைக்கு மிஸ் சரியான சொல்லக் கண்டுபிடிச்சுக் குடுத்திரிக்கா.

மகள் எழுதின வுட் கெட் மெரிட் ஏன் ஏலாது எண்டா, கதை சொல்றவ தானா வுட் எண்டு சொன்னா அது நடந்தது எண்டு அர்த்தம்.

காரைதீவுக் காத்து:

கச்சேரியடி அம்மா கடைசியாச் சொன்னதுக்கு ஒரு உதாரணம் எங்கட ஊர்ல இருந்து. 1892ல காரைதீவுல ஒரு பிள்ளை பிறந்துது. அந்தப் பிள்ளை 1931ல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆவார், 1943ல இலங்கைப் பல்கலைக்கழகத்துலயும் தமிழ்ப் பேராசிரியர் ஆவார். விபுலானந்த அடிகள். இத இங்கிலிஷ்ல எழுதக்குள்ள ஹீ வுட் பிகம் எண்டு எழுதுவாங்க. தொட்டில்ல கிடந்த பிள்ளைக்கு அது எதிர்காலம், எழுதுறவருக்கு அது தெரிஞ்ச கதை. இஞ்ச செட்டும் இல்ல, தோட்டும் இல்ல, ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல. எழுதுறவர் தானே 1892க்குப் போய் நிண்டு முன்னால பாக்கிறார், அங்க என்ன நடக்கும் எண்டு அவருக்கு ஏற்கனவே தெரியும். அதால அந்த வுட்டுக்குப் பின்னால "பட்" வராது.

வோஸ் டு பிகம் எண்டும் எழுதலாம், அது விதி எழுதி வச்ச மாதிரி கொஞ்சம் கனமா இரிக்கும். அடிகள் எழுதின இசை ஆராய்ச்சி நூலான யாழ் நூல் 1947 ஜூன்ல அரங்கேறினது. ஜூலையில அடிகள் போயிட்டார். அந்த அரங்கேற்றத்தப் பத்தி எழுதக்குள்ள ஹீ வோஸ் டு டை த ஃபொலோயிங் மன்த் எண்டு எழுதினா, அந்தச் சபையில இருந்த ஒருத்தருக்கும் தெரியாத ஒண்டு வாசிக்கிற நமக்கு மட்டும் தெரியிற மாதிரி நெஞ்சுக்குள்ள ஒண்டு செய்யும். ஏற்பாட்டுக்கு வாறதும் வோஸ் டு, விதிக்கு வாறதும் வோஸ் டு. ரெண்டும் நமக்கு முன்னாலயே எழுதப்பட்டது எண்டதாலயோ என்னவோ.

கல்லடிப் பழைய பாலத்த 1924ல திறந்தாங்க, அதுக்குப் பக்கத்துல 2013ல புதுப் பாலம் வந்தது. ரெண்டாவது வசனத்த வுட் போட்டு எழுதிப் பாருங்க, அந்த வித்தியாசம் காதுல கேக்கும்.

ஏறாவூர்_2010:

நானும் ஓஎல்தான். எனக்கு ஒரு டவுட். எங்கட டியூசன் சேர் வுட் எண்டா பழைய பழக்கம் எண்டு சொல்லித் தந்தார். வென் வி வேர் ஸ்மோல் வி வுட் பாத் இன் த லகூன். அதுல எதிர்காலமே இல்லையே. அப்ப வுட் எத்தின வகை? பேப்பர்ல எப்பிடிக் கண்டுபிடிக்கிற?

வந்தாறுமூலைக்காரி:

தங்கச்சியா தம்பியா தெரியல்ல, இந்தக் கேள்வியக் கேட்டதுக்கு எனக்கு அவ்வளவு சந்தோசம், ஏனெண்டா இதுக்குப் பதில் நம்மட தமிழ்லயே கிடக்கு.

"சின்னனில வாவியில குளிப்பம்." "அம்மம்மா ராவையில கதை சொல்லுவா." "வாப்பா சந்தைக்குப் போனா பனங்கிழங்கு வாங்கிட்டு வருவார்." குளிப்பம், சொல்லுவா, வருவார், எல்லாம் எதிர்கால வினை. ஆனா நடந்தது எப்பவோ. அப்ப தமிழும் தன்ட எதிர்காலத்தப் பழைய பழக்கத்துக்குக் குடுக்குது, இங்கிலிஷும் தன்ட வில்லுட இறந்தகாலத்தப் பழைய பழக்கத்துக்குக் குடுக்குது. தமிழ் இலக்கணம் படிச்சவங்க இத நல்லா அறிவாங்க. "குளிப்பம்" எண்டு சொல்ல வந்தா வுட் போடலாம் எண்டு பிடிச்சுக்கொள்ளுங்க.

ஒரு இடம் மட்டும் வழுக்கும். செயலுக்குத்தான் அந்த வுட், நிலைக்கு இல்ல. "நாங்க கல்லடியில இருந்தம்" எண்டதுக்கு வி வுட் லிவ் இன் கல்லடி எண்டு எழுதக்கூடாது, வி யூஸ்ட் டு லிவ். தமிழ்லயும் பாருங்க, "கல்லடியில இருப்பம்" எண்டு சொன்னா விருந்துக்குப் போய் இருக்கிற மாதிரித்தானே வரும்.

வில் எண்ட சொல்லுட பழைய அர்த்தமே விருப்பம். பழைய இங்கிலிஷ்ல அந்த வினை வில்லன் (willan), அதுட இறந்தகாலம் வோல்டே, அதுதான் தேஞ்சு வுட். மரண சாசனத்த வில் எண்டு சொல்றது அந்த விருப்பத்துலதான். அதால த பைக் வுடுன்ட் ஸ்டார்ட் எண்டா அதுக்கு விருப்பம் இல்ல. நாமளும் மோட்டச் சைக்கிள் "ஸ்டார்ட் ஆகமாட்டன் எண்டு நிக்குது" எண்டுதானே சொல்றம், இரும்புக்கும் வாய் குடுத்து. அதுவும் எதிர்காலம் இல்ல. ஆக வுட்டக் கண்டா, இத ஆராவது முன்னால நிண்டு எதிர்பாத்தாங்களா, திரும்பத் திரும்பச் செஞ்சாங்களா, மாட்டன் எண்டு நிண்டாங்களா, இல்லாட்டி இஃப் ஒண்டு பக்கத்துல ஒளிஞ்சிரிக்கா எண்டு கேளுங்க. வசனத்த விட்டிட்டு அந்தச் சொல்ல மட்டும் பாத்துக் கண்டுபிடிக்க ஏலாது.

கல்முனைச்சந்தி:

வந்தாறுமூலைத் தங்கச்சி எழுதின இந்தப் பந்திய நான் நாளைக்கு என்ட பத்தாம் வகுப்புக்கு அப்பிடியே சொல்லப் போறன், அனுமதி தாங்க.

ஒண்டு மட்டும் மாறுபடுறன். தமிழ்ல எல்லாமே எண்டுப் பெட்டிக்குள்ள போற மாதிரி மேல எழுதினீங்க. எண்டு இல்லாமலும் நம்மள்ட்ட இரிக்கி. "விழப் பாத்தான்", விழல்ல. "அடிக்கப் போனான்", கை ஓங்கிட்டான், அடிக்கல்ல. "வர இருந்தான்", வரல்ல. இதெல்லாம் இறந்தகாலத்துல நிண்டு முன்னால பாக்கிற வினைதான், அதுவும் அனேகமா நடக்காததுக்கு. இங்கிலிஷ் வோஸ் கோயிங் டுவையும் வோஸ் அபவுட் டுவையும் இதோட சேத்துப் படிப்பிச்சா புள்ளைகளுக்கு அஞ்சு நிமிசம் காணும். நம்மட புத்தகங்கள் வேற மொழிக்காரப் புள்ளைக்கு எழுதின மாதிரி பட்டியல் போட்டு வச்சிரிக்கிறதுதான் எனக்குக் கவலை. வீட்டுல பேசுற பேச்சுக்குள்ள அரைவாசி விடை இருக்கக்குள்ள அத வெளியில வச்சிட்டுப் பாடம் தொடங்குறம்.

வந்தாறுமூலைக்காரி:

சேர் சொல்றது சரி, நான் எண்டு இரிக்கிற வசனத்த மட்டும் வச்சு எழுதிட்டன். "அடிக்கப் போனான்" எண்டத நான் யோசிக்கவே இல்ல. போற எண்ட வினைய ரெண்டு மொழியும் இதுக்கு எடுத்திரிக்கு, கோயிங் டு, போனான். தாராளமாச் சொல்லிக் குடுங்க.

சம்மாந்துறை_வயல்:

ஒரு விசயம் எழுதிட்டுப் போறன். மகனுக்கு நான் சொன்னன், அறுவடை முடிஞ்சதும் சைக்கிள் வாங்கித் தருவன் எண்டு. போன வருசம். வாங்கிக் குடுக்கல்ல, வெள்ளம் வந்து வயல் போச்சு. இண்டைக்கு இந்தக் கோடு கீறிக் காட்டக்குள்ள அவன் உதாரணம் சொல்றான், மை ஃபாதர் செட் ஹீ வுட் பை மீ எ பைசிகிள் வென் த ஹார்வெஸ்ட் வோஸ் ஓவர். சரியாச் சொன்னான், வென்னுக்குப் பக்கத்துல வுட் இல்ல. நான் கேட்டன், வாங்கித் தரல்ல எண்டு அதுல எங்க இரிக்கி? இல்ல வாப்பா, வுட் அதச் சொல்லாது, இன்னும் வாங்கித் தரலாம் எண்டான்.

கச்சேரியடி:

வயல் தம்பி, அந்தப் பிள்ளைக்கு ஏலுமானா வாங்கிக் குடுங்க.

வாவிக்கரை:

எல்லாருக்கும் பதில் எழுத நேரம் எடுத்திட்டுது, மன்னிக்கவும். மகள் அந்தப் பந்தியத் திரும்ப எழுதினா. அம்மாவுக்கு ஒவ்வொரு வரியா தமிழ்ல சொல்லிக் காட்டினா. நான் இங்கிலிஷ் வசனத்த அப்பிடியே போடுறன், பிழை இருந்தா சொல்லுங்க:

மை கிராண்ட்மதர்ஸ் சிஸ்டர் வோஸ் டு ஹேவ் கொட் மெரிட் ஒன் ஃபிரைடே. ஒன் தேர்ஸ்டே நைட் ஹெர் ஃபாதர் செட் த விண்ட் வுட் ஸ்டொப் பிஃபோர் மோர்னிங். ஹீ செட் தட் வென் இட் ஸ்டொப்ட், வி வுட் கோ டு த ஸ்கூல். நோபடி நியூ தட் பை மோர்னிங் தேர் வுட் பி நோ ரூஃப். ஷீ வுட் கெட் மெரிட் இன் ஜெனவரி, இன் எ ஹவுஸ் வித்தவுட் எ டோர்.

கடைசி வரி அவவாவே சேத்தது. காரைதீவு அண்ணன் எழுதின விபுலானந்தர் வரியப் பாத்து, பெரியம்மாட கல்யாணம் பொறகு நடந்ததுதானே, அப்ப வுட் போடலாம் எண்டு.

கல்முனைச்சந்தி:

ஒண்டே ஒண்டு. மூணாவது வசனத்துல வி எண்டு இரிக்கி. பேத்தி அண்டைக்கு அங்க இல்லையே. தே எண்டு மாத்தச் சொல்லுங்க. மத்தது எல்லாம் சரி, நான் எழுதினாலும் இப்பிடித்தான் எழுதுவன்.

வாவிக்கரை:

தே எண்டு மாத்திட்டா சேர். வில்ல மாத்தினவ ஐ-வி-யக் கவனிக்கல்ல, வந்தாறுமூலைத் தங்கச்சி சொன்னதுக்குத் தலைகீழ்.

இன்னொரு திருத்தம் அம்மாட்ட இருந்து. ஜெனவரி இல்லையாம், மாசிப் பிறைக்குப் பொறகாம், மாப்பிள்ளை வீட்டுக் கூரை வேஞ்சு முடியிற வரைக்கும் பாத்துக்கொண்டு இருந்தாங்களாம். மகள் ஜெனவரிய வெட்டி ஃபெப்ரவரி எண்டு எழுதிட்டு, அப்ப கதவு போட்டிருந்ததா எண்டு இப்ப அம்மாட்டக் கேட்டுக்கொண்டு இரிக்கா.